6.50 பஸ்ஸும் 9.10 மணியும்: பள்ளி தொடங்கும் நேரத்தை மாற்றக் கேட்டுத் தீர்மானம் போடுவது எப்படி?

பாலாடா_பெற்றோர்

ஊட்டியை ஒட்டிய ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். பள்ளி தொடங்கும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்லி அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரலாம் என்று பெற்றோர் சிலர் பேசிவருகிறோம். விவரம் தெரிந்தவர்கள் ஓட்டை உடைசல் எல்லாவற்றையும் இப்போதே சொல்லிவிட்டால் கூட்டத்தில் திணற வேண்டியிருக்காது.

நிலவரம் இதுதான். பள்ளி மணி 9.10, விடுவது 4.10. பள்ளத்தாக்கு ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் காலையில் இரண்டே அரசு பஸ். ஊரில் ராத்திரி ஹால்ட் போடும் வண்டி 6.50க்குக் கிளம்பி 7.35க்குப் பள்ளி முன்னால் நிற்கும். அடுத்தது 8.35க்குக் கிளம்பி 9.20க்கு வரும். பத்து நிமிடம் தாமதம் என்பதால் பிள்ளைகள் எல்லோரும் முதல் பஸ்ஸில்தான் ஏறுகிறார்கள். ஹட்டியிலிருந்து (படுகர் குடியிருப்பு) ஸ்டாப்புக்குக் கால் மணி நேர நடை. அடுப்பு மூட்டி வெந்நீர் வைத்துக் கிளம்ப 5.30க்கு எழ வேண்டும். 10, 12ஆம் வகுப்புக்கு 8 மணி முதல் 9 மணி வரை சிறப்பு வகுப்பு. மற்றவர்கள் 7.35லிருந்து ஒன்றரை மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜனவரியில் அந்த வராந்தா சிமெண்டுத் தரையில் உட்காரவே முடியாது. புத்தகப்பையை அடியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, கையை ஸ்வெட்டர் கைக்குள் இழுத்துக்கொண்டு இருப்பார்கள்.

கேள்விகள்:
1. பாட நேரம் குறையாமல் மணியைத் தள்ள முடியுமா? மாலை 4.25 பஸ்ஸை விட்டால் அடுத்தது 6 மணிக்குத்தான்.
2. "தாமதமாகத் தொடங்கினால் ராத்திரி இன்னும் தாமதமாகப் படுப்பார்கள்" என்று ஆசிரியர்கள் சிலர் சொல்கிறார்கள். உண்மையா?
3. மணியை மாற்றக் கேட்பதா, பஸ்ஸை மாற்றக் கேட்பதா? எது நடக்கும்?

கணக்கு_வாத்தியார்

முதல் கேள்விக்கு என் பதில். கால அட்டவணை போடுகிற வேலையை ஆண்டுதோறும் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், முடியும்.

உங்களுக்குத் தேவை 20 நிமிடம்தான். 9.30க்கு மணி அடித்தால் 8.35 பஸ் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் கையிருப்பு இருக்கும். மலைப்பாதையில் அதற்குக் குறைவாக வைக்கவே கூடாது. 20 நிமிடத் தள்ளலுக்கு அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் கிடைக்கிறது. தீர்மானத்தில் இதை முதல் வரியாகப் போடுங்கள். கேட்கிறவர்கள் "20 நிமிடத்தில் என்ன பெரிய தூக்கம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

இப்போது கணக்கு. 9.10லிருந்து 4.10 வரை 420 நிமிடம். பெரும்பாலான பள்ளிகளில் இது காலை வணக்கம் 15, எட்டுப் பாடவேளை தலா 40 ஆக 320, மதிய இடைவேளை 65, சிறு இடைவேளை இரண்டு 20 என்று பிரியும். உங்கள் பள்ளியிலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், சரிபார்த்துக்கொள்ளுங்கள். 9.30க்குத் தொடங்கினால் கையில் 400 நிமிடம். காலை வணக்கத்தை 10 ஆக்குங்கள், மதிய இடைவேளையை 50 ஆக்குங்கள். பாடவேளையில் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை:

9.30 – 9.40 காலை வணக்கம்
9.40 – 11.00 இரண்டு பாடவேளை
11.00 – 11.10 இடைவேளை
11.10 – 12.30 இரண்டு பாடவேளை
12.30 – 1.20 மதிய உணவு
1.20 – 2.40 இரண்டு பாடவேளை
2.40 – 2.50 இடைவேளை
2.50 – 4.10 இரண்டு பாடவேளை

இடிக்கப்போவது மதிய உணவில்தான். சத்துணவு வரிசை ஒன்றே ஒன்று என்றால் கடைசிப் பிள்ளை சாப்பிட்டு முடிக்க 40 நிமிடம் ஓடிவிடும். 6, 7, 8ஆம் வகுப்புகளை வரிசையில் முதலில் விட்டு, சோறு ஒரு பக்கம் முட்டை ஒரு பக்கம் என்று இரண்டு மேசை போட்டால் 50 நிமிடம் தாராளம். கைகழுவும் குழாயையும் எண்ணிப் பாருங்கள். குழாய் போதாத பள்ளியில் இடைவேளையைக் குறைத்தால் முதலில் அடிபடுவது கைகழுவுவதுதான்.

சட்டம் குறுக்கே நிற்குமா என்று யாராவது கேட்டால்: கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு ஆண்டுக்கு 220 வேலை நாள், 1,000 மணி நேரம் பாடம் வேண்டும் என்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை 200 நாள், 800 மணி. நாளைக்கு 320 நிமிடம், 220 நாள் என்றால் 1,173 மணி நேரம். நிறையவே மிச்சம் இருக்கிறது.

அடுத்து சிறப்பு வகுப்பு. மணியை மட்டும் தள்ளிவிட்டு 8 மணிச் சிறப்பு வகுப்பை அப்படியே விட்டால் 10, 12 பிள்ளைகளுக்கு ஒன்றும் மாறாது, அதே 6.50 பஸ்தான். தூக்கம் அதிகம் கெடுகிற வயதும் அவர்களுடையதுதான். ஆகவே இரண்டையும் ஒரே தீர்மானத்தில் கட்டுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் நடப்பது சிலிப் டெஸ்ட். அதை அந்தந்தப் பாடவேளையின் முதல் பத்து நிமிடத்தில் ஐந்து ஒரு மதிப்பெண், ஒரு இரண்டு மதிப்பெண் என்று வைத்து, தாளை மாற்றித் திருத்தச் சொல்லலாம். மீதிக்கு மாதம் இரண்டு சனிக்கிழமை 9.40 முதல் 12.30 வரை. முன்பு இரண்டு வாரத்துக்குப் பத்து மணி நேரம் கிடைத்தது, இப்போது மூன்றுகூட முழுசாக இல்லை என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். சரிதான், மறுக்காதீர்கள். தூங்கி வழிகிற பிள்ளைக்கு நடத்தும் பத்து மணி நேரத்தின் மதிப்பு என்ன என்று மட்டும் கேளுங்கள். பொதுத்தேர்வே 10 மணிக்கு அறையில் உட்கார்த்தி, வினாத்தாள் படிக்க நேரம் கொடுத்து, 10.15க்குத்தான் எழுதத் தொடங்குகிறது. 8 மணிக்கு மூளையைத் தயார்ப்படுத்திப் பழக்க வேண்டிய தேவை எந்தப் பாடத்திலும் இல்லை.

குன்னூர்_டாக்டர்

இரண்டாவது கேள்வி. இது ஊருக்கு ஊர் கேட்கப்படுவது, இதற்கு நல்ல பதில் இருக்கிறது.

அமெரிக்காவின் சியாட்டிலில் 2016–17 கல்வியாண்டில் உயர்நிலைப் பள்ளி மணியை 7.50லிருந்து 8.45க்குத் தள்ளினார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாணவர் கையில் அசைவைப் பதியும் கருவி கட்டி, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்தார்கள். முடிவு 2018இல் வந்தது. தினத் தூக்கத்தின் நடுமதிப்பு 34 நிமிடம் கூடியிருந்தது. படுக்கும் நேரம் தள்ளிப்போகவில்லை, எழும் நேரம்தான் தள்ளிப்போனது. அதற்கு இருபது ஆண்டுக்கு முன், 1997இல், மினியாபொலிஸ் நகரம் 7.15ஐ 8.40 ஆக்கியபோதும் இதே பயம் இருந்தது, இதேதான் நடந்தது.

காரணம் உடம்புக்குள் இருக்கிறது. பருவ வயதில் இரவுச் சுரப்பான மெலடோனின் தாமதமாக ஏறுகிறது. உடலின் கடிகாரம் இரண்டு மணி நேரம் வரைகூடப் பின்னால் போகும். பத்து வயதில் ஒன்பது மணிக்குச் சாய்ந்த பிள்ளை பதினைந்து வயதில் பதினொன்றுக்குத்தான் கண் அயர்வது சோம்பலோ திமிரோ இல்லை. அந்தப் பிள்ளையை ஒன்பது மணிக்குப் படுக்கப் போட்டாலும் புரண்டுகொண்டுதான் இருக்கும். ஆகவே முன்னால் இழுக்க இடமில்லை, பின்னால்தான் விட வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014இல் 8.30க்கு முன் மணி வேண்டாம் என்றதும், கலிபோர்னியா 2022 ஜூலையிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளுக்கு அதையே சட்டமாக்கியதும் இதனால்தான். நம் நாட்டில் மகாராஷ்டிரம் 2024இல் நான்காம் வகுப்பு வரை 9 மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்று ஆணை போட்டது. அதை நான் பாதிதான் வரவேற்பேன். சின்னப் பிள்ளைகள் தாமாகவே விடியலில் எழுந்துவிடுவார்கள். அதிகம் தவிப்பது எட்டாம் வகுப்புக்கு மேலே.

தேவை எவ்வளவு? 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18க்கு 8 முதல் 10. உங்கள் ஊர்ப் பிள்ளை 10.45க்குத் தூங்கி 5.30க்கு எழுந்தால் ஆறே முக்கால். 7 மணிக்கு எழுந்தால் எட்டே கால். கீழ் வரம்பைத் தொட்டுவிடுகிறது.

நம் மலைக்கு மட்டும் பொருந்தும் ஒன்று. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் கணக்கிடப்படுகிறது. ஊட்டி 76.7இல் இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் சூரியக் கணக்கில் நாம் கடிகாரத்துக்கு 23 நிமிடம் பின்னால். ஜனவரி பின்பாதியில் சூரிய உதயமே 6.45ஐத் தாண்டும். கிழக்கே மலை எழும்பிய பள்ளத்தாக்கில் வெயில் தரையில் விழ இன்னும் நேரம் ஆகும். 6.50 பஸ்ஸுக்கு நடக்கும் பிள்ளை இருட்டிலும் உறைபனியிலும்தான் நடக்கிறது. உடலின் கடிகாரத்தை முன்னால் இழுப்பது காலை வெளிச்சம். அது கிடைக்காத மாதங்களில்தான் பிள்ளைகள் இன்னும் பின்தங்குவார்கள். அதனால் காலை வணக்கத்தை வகுப்புக்குள் ஒடுக்காதீர்கள். பத்து நிமிடமானாலும் வெயில் படும் மைதானத்தில் வையுங்கள். மேகம் மூடிய நாளில்கூட வெளியே உள்ள வெளிச்சம் டியூப்லைட் அறையைவிடப் பல மடங்கு.

கூட்டத்துக்குப் போகும் முன் அளந்துகொண்டு போங்கள். ஒரு தாளில் ஐந்து கட்டம்: வகுப்பு, பள்ளி நாளில் தூங்கிய நேரம், எழுந்த நேரம், ஞாயிறு தூங்கிய நேரம், தானாக எழுந்த நேரம். பெயர் வேண்டாம். 8 முதல் 12 வரை எல்லோரிடமும் இரண்டு வாரம் வாங்குங்கள். படுத்த நேரத்தையும் தூங்கிய நேரத்தையும் பிள்ளைகள் குழப்புவார்கள். "விளக்கணைத்த பின் எவ்வளவு நேரம் புரண்டாய்" என்று ஒரு முறை கேட்டால் தெளிந்துவிடும். ஞாயிறு தூக்கம் பள்ளி நாளைவிட இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ கூடினால் அது வாரம் முழுக்கச் சேர்ந்த தூக்கக் கடன். தேர்வு வாரத்திலும் ஊர்ப் பண்டிகை வாரத்திலும் எடுக்காதீர்கள், கணக்கு கோணிவிடும்.

மணி மாறினாலும் வீட்டில் கெடும் வழிகள் சில. பள்ளி விட்டு வந்ததும் ஆறு மணிக்கு ஒரு மணி நேரம் தூங்கினால் ராத்திரி பன்னிரண்டு வரை கண் மூடாது. தூங்கத்தான் வேண்டும் என்றால் 5.30க்கு முன், அரை மணிக்குள். டீ நமக்குத் தண்ணீர் மாதிரி. ஆனால் அதன் கஃபீன் பாதி இறங்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஏழு மணி டீயின் பாதி நள்ளிரவில் உடம்பில் இருக்கிறது. மாலை டீ நான்கரையோடு போதும், பிறகு பால். போன் சார்ஜ் ஆவது கூடத்தில்.

குளிரும் தூக்கத்தை உடைக்கும். கால் சில்லிட்டால் மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும். வெந்நீர்ப் பையில் முக்கால் கொதியாக இறக்கிய தண்ணீரை மூன்றில் இரண்டு பங்கு ஊற்றி, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, துணி சுற்றிக் காலடியில் வைக்கலாம். கரிச்சட்டியை மட்டும் படுக்கும் அறைக்குள் கொண்டுபோகவே வேண்டாம். சாளரம் சாத்திய அறையில் கரிப்புகை, அதிலும் புகையே தெரியாத கார்பன் மோனாக்சைடு, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். வாசனை கிடையாது. காலையில் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் என்றால் உடனே கதவைத் திறந்து வெளியே வந்துவிடுங்கள், மருத்துவமனைக்குப் போங்கள்.

மலைப்பாதை_டிரிப்

மூன்றாவது கேள்வி என் பக்கம். பஸ்ஸைத் தொடாதீர்கள், மணியைக் கேளுங்கள்.

6.50 வண்டி ஹால்ட் பஸ். டிரைவர், கண்டக்டர் ராத்திரி ஊரிலேயே படுத்து எழுந்து எடுக்கிறார்கள். அதே வண்டி ஊட்டி போய்த் திரும்பி இன்னொரு ஊருக்கு ஓடும். அந்த ஷெட்யூலில் முதல் டிரிப்பை 40 நிமிடம் தள்ளினால் பின்னால் இருக்கும் எல்லா டிரிப்பும் சரியும், டூட்டி நேரம் ஏறும். அது மட்டுமா, அந்த வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், மண்டிக்குக் காய் ஏற்றுகிறவர், ஊட்டியில் கடை வேலைக்குப் போகிறவர் என்று பாதிப் பேர் பள்ளிக்கூடத்துக்குச் சம்பந்தமில்லாதவர்கள். ஊரே எதிர்க்கும். 8.35 வண்டியைப் பதினைந்து நிமிடம் முன்னால் எடுக்கச் சொல்வது சாத்தியம்போலத் தெரியும். அந்த வண்டி ஏற்கெனவே எந்த டிரிப் முடித்து வருகிறது என்று பார்த்தால்தான் சொல்ல முடியும்.

நீங்கள் பஸ் பக்கம் கேட்க வேண்டியது வேறு இரண்டு:

ஒன்று, 8.35 வண்டி தவறாமல் வருவது. வண்டி பிரேக்டவுன், ஸ்பேர் வண்டி இல்லை என்று டிரிப் கட் ஆகும் முதல் பஸ் எப்போதும் இந்த மாதிரிக் கிராமத்து இரண்டாம் டிரிப்தான். இப்போது எல்லோரும் அதை நம்பினால், கட் ஆன நாளில் ஊர்ப் பிள்ளைகள் மொத்தமும் லீவு. போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: பள்ளி நாட்களில் இந்த டிரிப்பைக் கட் செய்ய வேண்டாம், கட் ஆனால் தலைமையாசிரியருக்கு 8 மணிக்குள் போன் வர வேண்டும். இரண்டு மாதம் தினமும் வண்டி வந்த நேரத்தைக் குறித்த ஒரு நோட்டின் நகலையும் கூடவே வையுங்கள். நோட்டு இல்லாத மனு மேசையிலேயே கிடக்கும்.

இரண்டு, இடம். முன்பு 6.50இல் போன பிள்ளைகள் எல்லோரும் 8.35இல் ஏறினால் படியில் தொங்குவார்கள். கொண்டை ஊசி வளைவில் படியில் ஆள் தொங்குவது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. எந்த ஸ்டாப்பில் எத்தனை பிள்ளை என்று வகுப்பு வாரியாக எண்ணிக் கொடுங்கள். நின்றுகொண்டு வருபவர்கள் இருபதுக்கு மேல் போனால் சின்ன வண்டிக்குப் பதில் பெரிய வண்டி கேளுங்கள். பெரிய வண்டி திரும்பாத வளைவு வழியில் இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தனியார் பள்ளிக்காரர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு மணி காரணமே இல்லை, வேன்தான். கணக்கு இப்படி: 18 கிலோமீட்டர் வழி, மலையில் சராசரி 20 கிலோமீட்டர் வேகம், ஓட்டம் 54 நிமிடம். 14 ஸ்டாப், தலா ஒன்றரை நிமிடம், 21. மொத்தம் 75. பள்ளிக்கு 8.35க்கு வர வேண்டும் என்றால் முதல் பிள்ளை 7.20க்கு ஏறும். அதுகூடப் பரவாயில்லை. அதே வேன் டபுள் டிரிப் அடித்தால் முதல் டிரிப்பின் முதல் பிள்ளை ஐந்தே முக்காலுக்கு ரோட்டில் நிற்கும், ஏழு மணிக்குப் பள்ளிக்கு வந்து கேட் திறக்கக் காத்திருக்கும். மகாராஷ்டிரத்தில் ஆணை வந்தபோது பள்ளி பஸ் நடத்துகிறவர்கள் எதிர்த்ததற்கு இந்த டபுள் டிரிப்பும் ஒரு காரணம். ஸ்டாப்பைக் குறைத்தாலே நிறைய மிச்சம்: பக்கத்துப் பக்கத்து வீட்டு வாசலில் நிற்காமல் 200 மீட்டருக்கு ஒன்று என்று 14ஐ 8 ஆக்கினால் ஒன்பது நிமிடம். இரண்டு டிரிப்புக்குப் பதினெட்டு. யாருக்கும் பைசா செலவில்லை.

கூடலூர்_மேடு

எங்கள் பக்கம் கூடலூர், பந்தலூர். தூக்கத்துக்கு முன்னால் யானை. காலையில் 7 மணிக்கு முன்னும் மாலை 5.30க்குப் பின்னும் எஸ்டேட் ரோட்டில் பிள்ளைகள் நடக்கவே கூடாது. ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் அதே நேரத்தில் காட்டெருமையும் கரடியும். அதனால் காலை தள்ளிப்போவது எங்களுக்கு இரட்டை நன்மை. ஆனால் தயவுசெய்து யாரும் மாலையை நீட்டாதீர்கள். நவம்பரில் சூரியன் 6 மணிக்குள் இறங்கிவிடும், மூடுபனி நான்கு மணிக்கே இறங்கும். "காலை 20 நிமிடம் போச்சு, மாலை 20 நிமிடம் சேர்" என்று மேலே யாராவது சுலபமாக எழுதிவிடுவார்கள். தீர்மானத்திலேயே "பள்ளி விடும் நேரம் மாறாது" என்று போட்டுவிடுங்கள்.

கணக்கு வாத்தியார் சாரிடம் ஒரு மறுப்பு. மாதம் இரண்டு சனிக்கிழமை என்கிறீர்கள். ஜூன், ஜூலையில் எங்களுக்கு மழை விடுமுறை விழுந்துகொண்டே இருக்கும். அதை ஈடுகட்டுவது சனிக்கிழமையில்தான். கோத்தகிரி, குன்னூருக்கு அதே கதை அக்டோபர், நவம்பரில். சனிக்கிழமையில் ஈடு வகுப்பு, அதற்கு மேல் சிறப்பு வகுப்பு என்றால் பிள்ளைக்கு வாரத்தில் ஒரே நாள்தான் தூங்கக் கிடைக்கும்.

பாலாடா_பெற்றோர்

எல்லோருக்கும் நன்றி. அளவெடுக்கும் தாளை இந்த வாரமே ஆரம்பிக்கிறோம். இரண்டு சந்தேகம் மிச்சம்.

எங்கள் பக்கம் கேரட் அறுவடைக்கும் கழுவும் வேலைக்கும் பெற்றோர் விடியும் முன்பே போய்விடுவார்கள். தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்களும் எட்டு மணிக்குள் ஆஜராக வேண்டும். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை எழுப்பிக் கிளப்பி விட்டுவிட்டுப் போவதுதான் அவர்களுக்கு நிம்மதி. "எட்டரை வரை தனியாக வீட்டில் இருந்து, தூங்கிப்போய்ப் பஸ்ஸை விட்டுவிட்டால்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இன்னொன்று, சனிக்கிழமைச் சிக்கலுக்கு என்ன வழி?

கணக்கு_வாத்தியார்

கூடலூர் நண்பர் சொன்னது சரி. சனிக்கிழமையை மழை மாதங்களில் விட்டுவிடலாம். ஊட்டிப் பக்கத்துக்கு டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்று மாதம் மட்டும் வையுங்கள். பாடம் முடிந்து திருப்புதல் நடக்கும் காலமும் அதுதான். மழை மாதங்களில் சிலிப் டெஸ்ட்டே போதும். எந்த மாணவருக்கு உண்மையிலேயே கூடுதல் உதவி வேண்டுமோ அவர்களுக்கு மதிய இடைவேளையின் கடைசி இருபது நிமிடத்தில் ஒரு பாடம் என்று ஒதுக்கலாம். வகுப்பில் எட்டுப் பத்துப் பேர்தான் வருவார்கள். நாற்பது பேரை ஒன்றாக உட்கார வைப்பதைவிட அது பலிக்கும்.

பெற்றோர் வேலைக்குப் போகும் பிள்ளைகள் விஷயம்: பள்ளிக் கதவு முன்போலவே 7.30க்குத் திறக்கட்டும். 6.50 பஸ்ஸில் வர வேண்டியவர் வரலாம், கட்டாயம் இல்லை. வராந்தா வேண்டாம். கிழக்குப் பக்க வகுப்பறை ஒன்றைத் திறந்து, பெஞ்சு போட்டு, ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். ஆசிரியர்களை முறை போட்டால் நாலாம் வாரம் முறை நின்றுபோகும். பெற்றோர் ஆசிரியர் கழக நிதியில் ஊர்ப் பெண் ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கு அமர்த்துங்கள். அந்த அறையில் பாடம், டெஸ்ட் எதுவும் நடக்கக் கூடாது. நடந்தால் அது மறுபடி சிறப்பு வகுப்பாகிவிடும், பிறகு எல்லோரும் 6.50க்கே வர வேண்டியிருக்கும்.

உங்கள் வளாகத்தில் தொடக்கப் பள்ளியும் இருந்தால் அதன் நேரத்தைத் தொடாதீர்கள். முதல்வரின் காலை உணவுத் திட்டத்தில் பள்ளி தொடங்கும் முன் பரிமாறி முடிக்க வேண்டும். சமைக்கிறவர்கள் அதற்கேற்ப விடியலில் வருகிறார்கள். சின்னவர்கள் இயல்பாகவே சீக்கிரம் எழுவார்கள் என்று டாக்டர் சொன்னதும் இதோடு பொருந்துகிறது.

மலைப்பாதை_டிரிப்

தனியாக இருக்கும் பிள்ளை பஸ்ஸை விடாமலிருக்க ஸ்டாப் வாரியாக ஒரு பெரிய மாணவரைப் பொறுப்பாக்குங்கள். 8.15க்கு அந்த வரிசை வீட்டுக் கதவுகளைத் தட்டிக்கொண்டே ஸ்டாப்புக்கு நடக்க வேண்டியது, அவ்வளவுதான். ஹட்டியில் வீடுகள் ஒரே வரிசையில் ஒட்டி இருப்பதால் இது சுலபம். சிதறிய வீடுகள் உள்ள ஊரில் இரண்டு பேர் வேண்டும்.

மனு போகும் வழி: மேலாண்மைக் குழுத் தீர்மானம், தலைமையாசிரியர் கையெழுத்தோடு மாவட்டக் கல்வி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும். ஒப்புதல் கைக்கு வராமல் மணியை மாற்ற வேண்டாம். பஸ் கோரிக்கை தனித்தாளில் கிளை மேலாளருக்கு, நகல் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது எண் வாங்குங்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் கல்வித் துறை பஸ்ஸைக் காட்டும், போக்குவரத்துக் கழகம் பள்ளியைக் காட்டும்.

குன்னூர்_டாக்டர்

நிரந்தரம் என்று கேட்காமல் "ஜூன் முதல் செப்டம்பர் வரை சோதனை முறையில்" என்று கேளுங்கள், ஒப்புதல் தருகிறவருக்குக் கை நடுங்காது. செப்டம்பர் கடைசியில் அதே ஐந்து கட்டத் தாளை அதே வகுப்புகளுக்கு மறுபடி கொடுங்கள். கூடவே வருகைப் பதிவேட்டிலிருந்து முதல் பாடவேளைக்குத் தாமதமாக வந்தவர்கள் எண்ணிக்கையை, போன ஆண்டின் அதே நான்கு மாதத்தோடு ஒப்பிட்டு எடுத்து வையுங்கள். தூக்க நேரத்தைப் பிள்ளைகள் மிகைப்படுத்திச் சொல்லிவிட்டார்கள் என்று யாரும் சொல்லலாம். பதிவேடு ஆசிரியர் கையால் எழுதியது. காலாண்டுத் தேர்வு மதிப்பெண்ணை ஆதாரமாக வைக்காதீர்கள். நான்கு மாதத்தில் அது ஏறலாம், ஏறாமலும் போகலாம், வினாத்தாள் கடினம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதை வைத்துத் தொடங்கினால் அதை வைத்தே நிறுத்திவிடுவார்கள்.